கஞ்சாப் படகுகளும் இரு கரைச் சட்டங்களும்

அரியாலைக் கிழக்கின் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது அமைதியான கடனீரேரி. இடுப்பளவு நீரில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் மக்களின் நீர்ப்பரப்பு அது. ஆனால் அந்நீர், பண்ணை, மண்டைதீவுப் பக்கமாகச் சென்று பாக்கு நீரிணையில் கலக்கிறது. அதற்கப்பால் சில மணிநேரப் படகோட்டத்தில் தமிழகக் கரை. கடலும் கடனீரேரியுமாகப் பரந்து கிடக்கும் இப்பகுதியில் இரவில் ஓடும் கண்ணாடியிழைப் படகு ஒவ்வொன்றும் இன்று சந்தேகத்துக்கு இலக்காகிவிட்டது. அதற்குக் காரணம் கஞ்சா.

மாதகல், நெடுந்தீவு, வடமராட்சி கிழக்கு, மன்னார் எனக் கடற்படையினர் கஞ்சாப் பொதிகளைக் கைப்பற்றும் செய்தி வராத வாரம் அரிது. "கேரள கஞ்சா" என்று பொலிஸாரும் பத்திரிகைகளும் ஒருசேர எழுதிப் பழகிவிட்ட இச்சரக்கில் பெரும்பகுதிக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. ஆந்திர – ஒடிசா எல்லையிலுள்ள மலைப் பகுதிகளில் விளைந்து, தரைவழியாகத் தமிழகக் கரையை வந்தடைந்து, நடுக்கடலில் படகு மாறுவதே அதன் வழமையான பயணம். பெயரில் உள்ள இப்பிழை சிறியதுதான். ஆனால் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதைக்கூடச் சரியாகச் சொல்லாத ஒரு சமூகம், அது ஏன் வருகிறது என்று ஆராயும் என எதிர்பார்ப்பது கடினம்.

ஏன் வருகிறது? இலங்கையில் கஞ்சா விளையாமலில்லை. மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டக் காடுகளில் அது களவாகப் பயிரிடப்படுவது நாடறிந்த விடயம். எனினும் கடல் தாண்டி வரும் சரக்குக்கே கூடிய விலை. கரைக்குக் கரை விலை வேறுபடுமாயின் இடையில் படகு ஓடும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து மஞ்சள் மூட்டைகள் இதே கடல்வழியால் வந்தன. கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றினர். சமையலறை மஞ்சளையே கடத்தற்பொருளாக்கியது சட்டம் உண்டாக்கிய விலை. பீடி இலையின் கதையும் அவ்வாறானதே.

கஞ்சாவுக்குச் சட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், செடியின் பூ, காய்த் தலைப்பையே கஞ்சா என வரையறுக்கிறது. தலைப்பில்லாத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆகவேதான் இலையை அரைத்துச் செய்யும் 'பாங்' உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மாநில அரசின் அனுமதி பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. அதேவேளை, கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை, பிணை பெறுவதோ பெரும்பாடு. இந்தியாவில் பதிவுசெய்த கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அதில் உள்ள அனைவரையும் அச்சட்டம் தொடர்கிறது.

இக்கரையில் நிலைமை வேறு. நச்சுப்பொருள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டு பிரித்தானியர் விட்டுச் சென்றது. 1984இல் கடுமையாக்கப்பட்டது. 'ஐஸ்' போதைப்பொருளுக்கும் மரண தண்டனை விதிக்கும் வகையில் 2022இல் மீண்டும் திருத்தப்பட்டது. நாட்டில் 1976இற்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு விடயம். இந்தச் சட்டத்தின் கீழ் கஞ்சா குற்றம். ஆனால் ஆயுர்வேதத்துக்கு அதே கஞ்சா மருந்து. அதனைப் பயன்படுத்த 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் இடமளிக்கிறது. 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க, ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராயக் குழுவொன்று அமைக்கப்படும் என்றார். 2025இல், ஏற்றுமதிக்கு மாத்திரம் என்ற நிபந்தனையுடன் மீரிகமவில் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க போதைப்பொருளுக்கு எதிரான தேசிய நடவடிக்கையைத் தொடக்கிவைத்தார். வேலியிட்ட தோட்டத்தில் டொலர் தேடும் செடியும், கடற்கரையில் கைவிலங்கு தேடித்தரும் செடியும் ஒன்றுதான்.

சட்டங்களின் இத்தகைய முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கஞ்சாவைப் பொழுதுபோக்குப் பாவனைக்கு அனுமதித்துள்ளன. மத்திய அரசின் சட்டமோ இன்னமும் தடுக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் கடையில் பணம் கொடுத்து வாங்கிய பொட்டலத்தோடு உல்லாசப் படகில் ஏறுபவர், கரையோரக் காவற்படையின் முன் மத்திய சட்டப்படி குற்றவாளி. அங்கிருந்து, 2018இல் கஞ்சாவை அனுமதித்த கனடாவுக்கு அப்படகு சென்றாலும் எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது இரு நாட்டுக்கும் குற்றமே. ஆயினும் அங்கே அகப்படுபவர் பெரும்பாலும் விடுமுறையைக் கழிக்க வந்தவர். அவருடைய வீட்டு அடுப்பு அந்தப் படகை நம்பி எரிவதில்லை.

நம் கடலில் அகப்படுபவர் யார்? சரக்கின் சொந்தக்காரர் படகில் இருப்பதில்லை. அவர் தமிழகத்தின் நகரொன்றிலோ கொழும்பிலோ இருப்பார். ஐரோப்பாவில் இருந்தாலும் வியப்பில்லை. படகில் இருப்பவர்கள் இந்தியப் பெருவிசைப்படகுகளிடம் வலையை இழந்தவர்கள், எரிபொருள் விலையால் நொடித்தவர்கள், ஓரிரவுக் கூலிக்கு மயங்கிய இளைஞர்கள். அகப்பட்டதும் விளக்கமறியல், பகுப்பாய்வாளர் அறிக்கைக்குக் காத்திருப்பு, தவணைக்குத் தவணை நீடிப்பு. படகும் இயந்திரமும் சான்றுப்பொருளாகி வெயிலில் வெடித்துக் கிடக்கும். வாடகைக்குக் கொடுத்த படகு என்றால், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத உரிமையாளரும் தெருவுக்கு வருகிறார். இந்தியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, தனக்குத் தெரியாமல், தான் தக்க முன்னெச்சரிக்கை எடுத்தும் வாகனம் பயன்படுத்தப்பட்டது என நிரூபிக்கும் உரிமையாளருக்கு ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது. நமது நீதிமன்றங்களிலும் அத்தகைய விசாரணை முதல் சில மாதங்களுக்குள்ளேயே முடிக்கப்பட்டாக வேண்டும். இரண்டு மாரி வெளியில் கிடந்த படகைத் திருப்பிக் கொடுத்து என்ன பயன்?

இதைச் சொல்வதால் கஞ்சாவுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருத வேண்டாம். போதை தருவன யாவும் விலக்கப்பட்டவை என்பதில் இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் உறுதியாக நிற்கின்றனர். கோயில்களும் தேவாலயங்களும் அதையே போதிக்கின்றன. ஐந்துசந்தியிலும் அரியாலையிலும் பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மாரின் பயம் ஒன்றே. மருத்துவத்தின் பெயரில் விற்கப்படும் மதன மோதக உருண்டைகள் பாடசாலை மாணவர் கைக்கும் வருவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை. தடை வேண்டாம் என்பதல்ல நமது வாதம். தடை இருக்குமாயின் அது தோட்டக்காரருக்கும் ஓட்டிக்கும் ஒரே அளவுகோலாய் இருக்க வேண்டும் என்பதும், கூலிக்காரரோடு வழக்கை முடித்துக்கொள்ளாமல் முதலாளியை நாட வேண்டும் என்பதுமே.

அதற்கான சட்டம் புதிதாக வேண்டியதில்லை. கடல்வழிக் கடத்தலைத் தடுக்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 17ஆவது உறுப்புரை. இந்தியாவும் இலங்கையும் அதில் இணைந்துள்ளன. இலங்கை அதற்கு 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டு வலுவும் அளித்தது. பொதியின் பின்னாலுள்ள தொலைபேசி அழைப்புகளையும் வங்கிக் கணக்குகளையும் இரு நாட்டுப் புலனாய்வாளரும் சேர்ந்து தேடுவதற்கு இவை போதும். வடக்கு மக்களின் சார்பில் இதைக் கேட்க ஒரு மாகாண சபையாவது இருந்திருக்கலாம். 2018 ஒக்ரோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது, தேர்தலின்றி ஆண்டுகள் ஓடின. மீனவர் பிரச்சினைக்கென 2016இல் அமைக்கப்பட்ட இந்திய – இலங்கைக் கூட்டுச் செயற்குழு 2024 ஒக்ரோபரில் கொழும்பில் கூடியது. இழுவைமடியும் கைதுகளும் அங்கே பேசப்படுவது அவசியம். அது அடுத்து கூடும்போது, கஞ்சா வழக்குகளில் சிக்கி இரு நாட்டிலும் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் படகோட்டிகள் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி கொடுத்தவர்களில் இதுவரை பிடிபட்டவர்கள் எத்தனை பேர் என்ற இரு எண்ணிக்கைகளையும் இரு தரப்பும் மேசையில் வைக்கட்டும்.