தேடும் கண்ணும் பதறாத கையும்

வீட்டிலே ஒரு திறப்புக் காணாமற் போய்விட்டால் அன்றைக்கு வீடே இரண்டுபட்டுப் போகிறது. தேடுகிறவர்களைச் சற்றுக் கவனித்தால் அவர்கள் இரு வகையினர் என்பது விளங்கும். ஒரு வகையினர் அகப்பட்ட பெட்டியையெல்லாம் கவிழ்த்து, மடித்து வைத்த துணியையெல்லாம் கலைத்து, இருந்த ஒழுங்கையும் இல்லாமற் செய்துவிடுவர். மற்ற வகையினரோ ஓரிடத்தில் நின்று, இருப்பவற்றின்மீது மெல்லக் கண்ணை ஓட்டுவர். பொருள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினருக்கே அகப்படுகிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் இதனைக் கண்டுதான் போலும்.

மனிதருடைய இந்த இயல்பையே முதலாகக் கொண்டு ஒரு விளையாட்டு வகை கணினியிலே வளர்ந்து, இன்று கைபேசியின் வழியாக நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. மறைந்து கிடக்கும் பொருள்களைத் தேடிக் கண்டு, அவற்றின் துணையால் ஒரு துப்பறியும் கதையைத் தொடர்ந்து செல்லும் ஆட்டம் அது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்று, பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம் போன்ற கிராமங்களிலும் பிள்ளைகள் கைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்து ஆடக்கூடிய ஆட்டம். 'இதனை ஆட விடலாமா? விடலாமென்றால் எதனை விடலாம்?' என்ற கேள்வி பெற்றோர் மனத்தில் எழுவது இயல்பே. இவ்வாரம் அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

ஆட்டத்தின் இலக்கணம்

திரையிலே பழைய மாளிகையின் அறையொன்று தோன்றும். கிழிந்த நாற்காலி, நின்றுபோன கடிகாரம், புத்தகக் குவியல், பொம்மைகள், பூச்சாடிகள் என எத்தனையோ பொருள்கள் அதிலே இறைந்து கிடக்கும். அடியிலே பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் உள்ள பொருளைப் படத்திற் கண்டு தொட்டால், பொருளும் மறையும், பெயரும் நீங்கும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விளையாட்டில் ஓவியருடைய தந்திரமே பெரிது. கயிற்றுச் சுருளின் வளைவோடு வளைவாகப் பாம்பை வைத்துவிடுவார். வெள்ளைத் திரைச்சீலையின் மடிப்பிலே வெள்ளைப் புறாவைப் பதித்துவிடுவார். நம் கண் அதன்மீது பத்து முறை சென்று திரும்பும். ஆயினும் கருத்து அதனைப் பற்றிக்கொள்ளாது. இறுதியில் அகப்படும்போது, 'இவ்வளவு நேரமும் இங்கேயா இருந்தது!' என்று வியப்போம். அந்த வியப்பே இவ்வாட்டத்தின் சுவை.

தேடிச் சலித்தவருக்குக் குறிப்புக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. ஒரு முறை அதனைப் பயன்படுத்தினால், அது மீண்டும் நிரம்பும் வரை காத்திருத்தல் வேண்டும். கண்டபடி திரையைத் தட்டுகிறவருக்குத் தண்டனையும் உண்டு. சில ஆட்டங்களில் நேரம் குறைக்கப்படும். வேறு சிலவற்றில் சில விநாடிகளுக்குத் திரை அவருக்குப் பணியாது நிற்கும். சாகசக் கதை கலந்த வகையிலோ கண்ட பொருள் பைக்குள்ளே சேரும். ஓர் அறையில் அகப்பட்ட எண்ணெய்க் குப்பி, வேறோர் அறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க உதவும். எது எதற்குப் பயன்படும் என்று சிந்தியாதவர் அடுத்த அறைக்குச் செல்ல இயலாது.

பழைய விளையாட்டு, புதிய உடை

இது முற்றிலும் புதியதோ என்றால், அன்று. மண்ணை நீள வரம்பாகக் குவித்து, அதற்குள் ஒரு சிறு குச்சியை ஒளித்து, எதிராளி இரு கைகளையும் கோத்து அது இருக்குமிடத்தை மூடிக் காட்ட வேண்டிய கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு தொடங்கிய 'ஹைலைற்ஸ்' என்னும் சிறுவர் சஞ்சிகை, படத்துக்குள் பொருள்களை ஒளித்து வைக்கும் பக்கத்தினாலே புகழ் பெற்றது. 1987இல் மார்ட்டின் ஹான்ட்போர்ட் என்னும் ஆங்கில ஓவியர், பெருங்கூட்டத்தின் நடுவே வாலி என்பவனை ஒளித்து வைத்து ஒரு நூலை வெளியிட, உலகப் பிள்ளைகளெல்லாம் அவனைத் தேடத் தொடங்கினர்.

கணினியிலே இவ்வகைக்குப் பெரும் வழி திறந்தது, சியாற்றில் நகரில் 2002இல் தோன்றிய பிக் பிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் பைல்ஸ்: ஹன்ற்ஸ்வில்' என்னும் ஆட்டம். துப்பாக்கியும் ஓட்டமும் வேண்டாத, சமையல் முடித்த தாயும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் அமைதியாக இருந்து ஆடக்கூடிய விளையாட்டுக்கு எவ்வளவு பேர் காத்திருந்தனர் என்பதை அது காட்டியது.

பெருந்தொகை ஓடும் இடத்தைப் பெருவணிகர் நாடுவர். 2014இல் கென்ரக்கிக் குதிரைப் பந்தயத்தை நடத்தும் சேர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம், பிக் பிஷ்ஷை வாங்க 88.5 கோடி அமெரிக்க டொலர் விலை பேசியது. 2018இல் அதனை 99 கோடி டொலருக்கு வாங்கியது, சூதாட்டப் பொறிகள் செய்யும் அவுஸ்திரேலியாவின் அரிஸ்ரோகிராற் நிறுவனம். அந்நிறுவனத்திடம் சூதாட்டச் சாயல் கொண்ட வேறு ஆட்டங்களும் இருந்தன என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆயினும், எத்தகைய வணிகரின் கடையிலிருந்து பிள்ளையின் கைக்கு விளையாட்டு வருகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நன்று.

நாம் புள்ளியிடும் முறை

நூறு புள்ளிகளை நான்காகப் பகுத்துக்கொண்டோம், ஒவ்வொன்றுக்கும் 25. முதலாவது கண்: பொருள் நேர்மையாக மறைக்கப்பட்டிருக்கிறதா, அன்றி இருட்டிலே புதைக்கப்பட்டிருக்கிறதா? இரண்டாவது கருத்து: ஆட்டம் பொறுமைக்குப் பரிசு தருகிறதா, அவசரத்துக்கா? மூன்றாவது கதை: குடும்பத்தார் ஒருங்கிருந்து பார்க்கத் தக்கதா? நான்காவது காசு: ஒரு முறை விலை கொடுத்தால் முடிகிறதா, அன்றி நாள்தோறும் கை நீட்டுகிறதா?

'ஹன்ற்ஸ்வில்' (2005): ஊரின் பல இடங்களிலும் தடயம் தேடிச் செல்லும் கதை. படங்கள் தெளிவானவை. ஆயினும் கடிகாரம் பின்னாலே நின்று விரட்டுகிறது. கண் 20, கருத்து 12, கதை 13, காசு 20. மொத்தம் 65.

'ரேவன்ஹேர்ஸ்ற்' (2006): அதே வரிசையில் வந்தது. ஆங்கில மாளிகையொன்றிலே ஒரு பெண்ணின் நாட்குறிப்புச் சிதறிக் கிடக்கிறது. அதன் பக்கங்களைச் சேர்க்கச் சேர்க்க அவளுக்கு நேர்ந்தது தெரிய வருகிறது. கதவுகளின் விசித்திரப் பூட்டுகள் மூளைக்கு நல்ல வேலை. கதையில் இருள் உண்டு. ஆதலால் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கே பரிந்துரைக்கிறோம். கண் 20, கருத்து 21, கதை 17, காசு 20. மொத்தம் 78.

'கிரிமினல் கேஸ்' (2012): பாரிஸ் நகரத்துப் பிரிற்றி சிம்பிள் நிறுவனத்தின் படைப்பு, முகநூல் வழியே பல கோடிப் பேரைச் சென்றடைந்தது. அத்தியாயந்தோறும் ஒரு கொலை, ஒரு பிரேதம். விரைந்து தட்டுகிறவருக்கே புள்ளி அதிகம். சக்தி தீர்ந்தால் காத்திருத்தல் வேண்டும், அல்லது காசு கொடுத்தல் வேண்டும். கண் 16, கருத்து 8, கதை 6, காசு 8. மொத்தம் 38.

'ஜூன்ஸ் ஜேர்னி' (2017): பெர்லின் நகரத்து வூகா நிறுவனத்துடையது. 1920களில் தன் சகோதரியின் மரணத்தைத் துப்பறியப் புறப்படும் ஜூன் என்னும் பெண்ணின் கதை. ஓவியங்கள் கண்ணைப் பறிக்கும் அழகுடையன. ஆனால் ஒரே காட்சியைப் பல முறை ஆட வேண்டியிருக்கிறது. கதை சூடு பிடிக்கும் வேளையில் சக்தி தீர்ந்துவிடுகிறது. இலவசமென்று வந்த விருந்தில் இலைக்கு வாடகை கேட்பது போன்றது இது. கண் 22, கருத்து 12, கதை 17, காசு 7. மொத்தம் 58.

'ஹிடன் போக்ஸ்' (2017): நெதர்லாந்தின் ஏட்ரியன் டி யொங், ஓவியர் சில்வான் தெக்ரோக் ஆகிய இருவர் முன்னின்று செய்தது. கறுப்பு மையாற் கையால் வரைந்த காடும் நகரமும். வாயினாலே எழுப்பிய ஒலிகள். கடிகாரம் இல்லை; தண்டனை இல்லை. கூடாரத்தின் துணியை விலக்கினால் உள்ளே ஒருவன் இருப்பான். புதரை அகற்றினால் பின்னே ஒருவன் ஒளிந்திருப்பான். ஒவ்வொருவரையும் பற்றி ஒரு சிறு வாசகம் குறிப்புத் தருகிறது. அதனைப் படித்துச் சிந்தித்தே தேடுதல் வேண்டும். தொடர்கதை இல்லாமை ஒரு குறை. கண் 24, கருத்து 23, கதை 15, காசு 21. மொத்தம் 83.

இப்புள்ளிகளிலே முதலிடம் பெற்றது அவசரப்படுத்தாத ஆட்டம். கடைசியிடம் பெற்றது அவசரத்துக்குப் பரிசளிக்கும் ஆட்டம். இது தற்செயலன்று. இக்கருத்துக்கு நாம் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கு வன்னியிலே தனியான காரணமும் உண்டு.

வன்னி மண்ணின் பாடம்

இவ்வாட்டங்கள் பிள்ளைக்குச் சொல்லும் முதற்பாடம் யாது? 'சருகுக்குள்ளே பாதி மறைந்து கிடக்கும் விசித்திரப் பொருளைக் கண்டால் உடனே கை வை. அது பரிசு' என்பதே. வன்னிப் பிள்ளைக்கு வெடிபொருள் அபாயக் கல்வி சொல்லும் பாடமோ இதற்கு நேர்மாறானது: தொடாதே, நெருங்காதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் மண்ணுக்குள்ளே மறைந்தவை அன்றோடு மறைந்துவிடவில்லை. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலை, மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலப்பரப்பாக உலகறியப் பெயர் பெற்றது. ஹலோ ட்ரஸ்ட், மாக் என்னும் நிறுவனங்கள் 2002 முதல் இந்நாட்டிலே மிதிவெடி அகற்றி வருகின்றன. உள்நாட்டு நிறுவனங்களும் இராணுவத்தின் பிரிவும் அப்பணியில் ஈடுபட்டன. மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. 2018 யூன் 1ஆம் திகதி அது நமக்கு நடைமுறைக்கு வந்தது. நிலத்தை வெடியற்றதாக்க உடன்படிக்கை தரும் தவணை பத்தாண்டுகள். அதாவது 2028 யூன் 1.

அந்நிலங்களில் வேலை செய்வோரிலே நம் ஊர்ப் பெண்கள் பலர். போரிலே கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்போரும் அவர்களுள் உளர். வெயிலிலே கனத்த கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, அடையாளமிட்ட ஒடுங்கிய பாதைக்குள் மண்ணைச் சிறிது சிறிதாக நீக்கி அவர்கள் தேடுகின்றனர். கண்டதை அவசரப்பட்டு எடுப்பதில்லை; குறியிட்டு, அறிவித்து, முறைப்படி அழிக்கின்றனர். மறைபொருள் தேடுவதிலே இவர்களினும் தேர்ந்தவர் யார்? ஆட்டத்திலே தவறாகத் தட்டினால் சில விநாடிகளே நட்டம். அவர்களுக்கோ அடுத்த முறை என்பது ஒன்று இல்லை.

இதனாலே ஆட்டத்தைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கூர்ந்து பார்க்கும் கண் எங்கும் நல்லது. இங்கே அது உயிர் காப்பதும் ஆகும். ஆட்டத்தைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள்: "தம்பி, திரையிலே கண்டால் தொடு, காட்டிலே கண்டால் தொடாதே, வந்து எங்களிடம் சொல்." பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடிகாரம் விரட்டும் ஆட்டத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். முதலிற் பார்த்து, பின்னர் எண்ணி, அதன் பிறகே கை நீட்டும் பழக்கம் சிறு வயதிலே படிய வேண்டியது.

வீட்டிலே செய்யக் கூடியவை

கைபேசியிலே கடவுச்சொல் இல்லாமற் பணம் செலுத்த இயலாதபடி முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் ஆடினால், எழுந்து தூரத்து மரத்தைச் சற்று நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். மாணவர்கள் ஆங்கிலப் பட்டியலில் அறியாத சொல்லைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நன்று. 'நெயில்' என்று கேட்டால் ஆணியையும் தேட வேண்டும், விரல் நகத்தையும் தேட வேண்டும்; ஒரு சொல்லின் இரு பொருளும் மனத்தில் நிலைத்துவிடும்.

கைபேசி இல்லாத வீடும் வருந்த வேண்டியதில்லை. ரட்யார்ட் கிப்ளிங் 1901இல் எழுதிய 'கிம்' என்னும் நாவலிலே, சிம்லாவில் ஒரு சிறுவனுக்குத் தட்டிலே மணிகளைப் பரப்பிக் காட்டி, மூடி, கண்டவற்றைச் சொல்லச் சொல்லும் பயிற்சி வருகிறது. சாரணர் இயக்கத்தார் இன்றும் அதனைக் 'கிம்மின் விளையாட்டு' என்றே ஆடுகின்றனர். ஒரு சுளகிலே ஊசி, மிளகாய், புளியங்கொட்டை, சிரட்டைத் துண்டு என்று பன்னிரண்டு பொருள்களை வையுங்கள். ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடுங்கள். ஒருவரும் தொடாமல், கண்டதை மட்டும் எழுதட்டும். பின்னர் ஒன்றை மறைவாக எடுத்துவிட்டு, எது குறைந்தது என்று கேளுங்கள். பாட்டி வெல்வாரா, பேரன் வெல்வானா என்பதை ஒரு மாலைப்பொழுதிலே அறிந்துகொள்ளலாம். கை கட்டியிருக்க, கண் மட்டும் வேலை செய்யும் இவ்விளையாட்டுக்கு நாம் நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்போம்.