முடிவைச் சொல்லாதே, புத்தகத்தைக் கொடு

அம்பேத்கரைப் படிக்காதவருக்கும் அம்பேத்கர் என்ன சொன்னார் என்பது தெரிந்திருக்கிறது. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மாலை போட வருகிறவர் சொல்லிவிட்டுப் போகிறார். 'சட்டமேதை' என்று பாடப்புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. எல்லாக் கட்சி மேடையிலும் ஆளுக்கொரு மேற்கோள். சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டமாதிரி சிந்தனைக்கும் கூண்டு போட்டாச்சு. நம்ம பசங்களும் அந்த மேற்கோளையே வாங்கிச் சுவரொட்டியில் அடிக்கிறாங்க.

இயக்கத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இவ்வளவு தொகுதி இருக்கே, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" நியாயமான கேள்வி. வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மகாராஷ்டிர அரசு 1979இல் தொடங்கிய ஆங்கிலத் தொகுதிகள், தமிழில் 37 தொகுதிகளாக வந்திருக்கின்றன. அலமாரியில் அதைப் பார்த்ததுமே மிரண்டுபோய், "சுருக்கமா நீங்களே சொல்லிடுங்க" என்கிறார்கள். அதை மட்டும் செய்யக்கூடாது என்பது என் கட்சி.

ஏன்? அம்பேத்கர் தீர்ப்பை முதல் பக்கத்தில் வைத்து எழுதுகிறவர் இல்லை. கேள்வியை வைப்பார். அதற்கு மற்றவர்கள் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப்பார்ப்பார். எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட நன்றாக எடுத்துவைப்பார். பிறகுதான் தன் பதில். நடுவில் இருக்கிற அந்த நடைதான் நமக்கு வேண்டிய ஆயுதம். முடிவை மட்டும் வாங்கிக்கொண்டவன் விவாதத்தில் இரண்டாவது கேள்விக்கே திணறுவான். வழியை நடந்து கடந்தவன் பத்தாவது கேள்விக்கும் பதில் சொல்வான்.

முதல் யோசனை: வரிசை எண்ணைப் பார்த்துப் படிக்காதீர்கள். ஆங்கிலத் தொகுதி எண்ணும் தமிழ் எண்ணும் ஒத்துப்போகாது. நூலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்னப் பகுதியில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் 12ஆம் தொகுதியில் இருக்கிறது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். அப்பாவைப் பார்க்க ரயில் ஏறும் ஒரு சிறுவன், ஒரு மாட்டுவண்டி, தண்ணீர். இவ்வளவுதான் சொல்வேன். சேரியில் பிறந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்தது 'சாதியை ஒழிக்கும் வழி'. 1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல், மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்றது. சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். தமிழ்நாட்டில் பெரியாரின் 'குடிஅரசு' அப்போதே தமிழில் கொண்டுவந்த உரை இது. நூலின் முகப்பில் இருக்கும் கடிதங்களைத் தள்ளிவிட்டு நேராக உரைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சாதியை ஒழிக்கக் கிளம்பியவர்களுக்கு எந்த இடத்தில் கை நடுங்குகிறது என்பது அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. கடைசியில் காந்தியின் மறுப்பும் அதற்கு அம்பேத்கரின் பதிலும் இருக்கின்றன. தனக்கு எதிரான எழுத்தைத் தன் நூலிலேயே சேர்த்து அச்சிட்ட தைரியத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்'. நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா ஆகிய மூவரின் நினைவுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். நம்ம ஊர் நந்தன் அங்கே முதலில் நிற்கிறான். கேள்வி எளிமையானது: ஊருக்கு வெளியே ஏன் சேரி? ஆதியிலிருந்தே வெளியேதானா, நடுவில் வந்ததா? இனம்தான் காரணம் என்கிறது ஒரு பழைய பதில். தொழில்தான் என்கிறது இன்னொன்று. இரண்டையும் சோதிக்கிறார். நிற்கிறதா விழுகிறதா என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆதாரச் சங்கிலியில் கண்ணி விட்டுப்போன இடங்கள் உண்டு என்பதை முன்னுரையிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அவருடைய பதிலை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதென்றாலும் அவர் நடந்த தூரம் நடந்துவிட்டு மறுக்கவேண்டும்.

முடிவை மட்டும் உருவி எடுப்பதில் என்ன ஆபத்து என்று கேட்டால், பாகிஸ்தான் பற்றிய நூலைக் காட்டுவேன். 1940இல் முதலில் வந்தது. அதில் முஸ்லிம்களின் வழக்கை ஒரு பகுதியிலும் இந்துக்களின் வழக்கை இன்னொரு பகுதியிலும் வக்கீல்போல எடுத்துவைக்கிறார். இன்றைக்கு இந்துத்துவவாதிகள் அதில் நாலு வரியை வெட்டி, 'அம்பேத்கரே சொல்லிவிட்டார்' என்று முஸ்லிம்களுக்கு எதிராக வீசுகிறார்கள். அந்த வரி யாருடைய வழக்கைச் சொல்லும் இடத்தில் வருகிறது? முழுசாகப் படித்தவன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் அந்தப் பொய் அங்கேயே நிற்கும். இல்லையென்றால் அவருடைய பெயரிலேயே நம்மைக் கலவரத்துக்கு ஆள் பிடிப்பார்கள்.

'இந்து மதத்தில் புதிர்கள்' 1987இல் அச்சேறியபோது, இராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி எதிர்ப்பு கிளம்பியது. 1988இல் தலித் மக்கள் பெருந்திரளாகப் பம்பாய் வீதியில் இறங்கினார்கள். அந்தப் பகுதியில் உள்ள கருத்துகள் அரசுக்கு உடன்பாடானவை அல்ல என்ற குறிப்போடு நூல் நிலைத்தது. ஆக, இந்தப் பக்கங்கள் அரசு மனமுவந்து கொடுத்தவை இல்லை. எழுதப்படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களும் சேர்ந்து தெருவில் நின்று காப்பாற்றியவை. படிக்க வாய்த்த நாம் பிரிக்காமல் வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்?

ரூபாய்ப் பிரச்சினை, மாகாண நிதி பற்றிய நூல்களை இப்போது தொடவேண்டாம். பொருளாதாரம் படிக்கும் தோழர்கள் பிறகு எடுக்கட்டும். பெண் தோழர்கள் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா விவாதங்களுக்குக் கட்டாயம் போகவேண்டும். ஆண்கள் அதைவிடக் கட்டாயமாக.

மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். தனியாக மல்லுக்கட்டாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் காலனியில் அஞ்சாறு பேர் உட்காருங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களையும் கூப்பிடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு நம் பெரியவர்களிடம் பதில் இருக்கும். ஊர் நூலகத்தில் தொகுதிகள் இல்லையென்றால், வாங்கிவைக்கச் சொல்லி மனு எழுதி பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

யாராவது முடிவைச் சொல்ல வந்தால், "கொஞ்சம் பொறுங்க அண்ணே, இன்னும் அந்தப் பக்கம் வரல" என்று சொல்லுங்கள்.