இழப்பீடு யாருடைய இழப்புக்கு?

காவிரிப் படுகையில் பருவம் தவறிய மழை சம்பாவை மூழ்கடிக்கும்போதெல்லாம் அதிகாரிகள் கணக்கெடுப்புக்கு வருகின்றனர். 33 விழுக்காடும் அதற்கு மேலும் பயிர் அழிந்திருந்தால் சாகுபடியாளருக்கு இழப்பீடு உண்டு. அறுவடைக் கூலியை நம்பியிருந்த தலித் குடும்பத்தின் இழப்பை எழுத அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் ஏற்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்குச் சான்று எங்கே? குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது; நிலவுடைமையாளரைப் பகைத்துக்கொண்டு பெயர் பதிவது எளிதன்று.

தகவமைப்பு என்று சொல்லப்படுவதையும் நாம் உற்று நோக்க வேண்டியுள்ளது. நேரடி நெல் விதைப்பு நீரை மிச்சப்படுத்துகிறது; நாற்றங்கால் தேவையில்லை, நடவும் தேவையில்லை. நடவோ டெல்டாவில் பெரிதும் தலித் பெண்களின் வேலை. அறுவடையை இயந்திரம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இம்முறையை நாம் எதிர்க்கவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாத ஆண்டுகளில் அது உழவரைக் காக்கிறது. மிச்சமாகும் கூலிச் செலவு யாருடைய உலையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை எந்த வேளாண் பரிந்துரை கேட்கிறது? ஏறத்தாழ இரண்டு வாரம் வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லும் வந்துவிட்டது. அதை விதைக்க நிலம் வேண்டுமே! 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்பதும் காலநிலைக் கொள்கையே என்கிறோம். அதுவரை, பேரிடர் நிவாரணத்தில் இழந்த வேலைநாள்களுக்கான கூலியும் சேர்க்கப்பட வேண்டும். கணக்கெடுப்பு வயலோடு நில்லாமல் சேரிக்கும் வர வேண்டும்.