நம்ம வீட்டுப் பையன் செய்யமாட்டான்!

முதுகலை படித்தபோது எங்கள் விடுதியில் ஒரு மடிக்கணினி காணாமல் போனது. காப்பாளர் யாருடைய அறைகளை முதலில் திறக்கச் சொன்னார் என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உதவித்தொகையில் படித்த எங்கள் நான்கு பேரின் பெட்டிகளும் வராந்தாவில் கவிழ்க்கப்பட்டன. மூன்று நாள் கழித்து அது வேறொருவனின் பையில் கிடைத்தது. ‘நல்ல குடும்பத்துப் பையன்’ என்பதால் அவன் அறையை அதுவரை யாரும் தட்டக்கூட இல்லை.

உளவு நிறுவனங்களின் வரலாற்றைப் படிக்கும்போது அந்த வராந்தா அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தனக்குள் இருக்கும் எதிரி நாட்டு உளவாளியைக் கண்டுபிடிப்பதைத்தான் எதிர்உளவு என்கிறார்கள். உலகின் பெரிய உளவு நிறுவனமான அமெரிக்காவின் சி.ஐ.ஏ. இந்த வேலையில் படுதோல்வி அடைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், எங்கள் காப்பாளரிடம் இருந்த அதே பழக்கம்தான்.

சி.ஐ.ஏ.வுக்காக நான் கண்ணீர் விடவில்லை. 1953இல் ஈரானிலும் 1954இல் குவாத்தமாலாவிலும் ஆட்சிகளைக் கவிழ்த்த நிறுவனம் அது. ஆனால் ஓர் அதிகார அமைப்பு யாரைக் கேள்வியின்றி நம்புகிறது, யாரைக் காரணமின்றிச் சந்தேகிக்கிறது என்பது நம்முடைய கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1954 முதல் 1974 வரை சி.ஐ.ஏ.வின் எதிர்உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆங்கிள்டன். பிரிட்டிஷ் உளவுத்துறையின் கிம் ஃபில்பி அவருடைய நெருங்கிய நண்பர். கேம்பிரிட்ஜில் படித்தவர், பேச்சிலும் பழக்கத்திலும் மேட்டுக்குடி. வாஷிங்டனில் இருவரும் அடிக்கடி ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்த ஃபில்பி 1963இல் மாஸ்கோவுக்குத் தப்பிப்போனார். அவர் நெடுங்காலம் சோவியத் உளவாளியாக இருந்தவர்.

நண்பனைத் தவறவிட்ட ஆங்கிள்டன், சந்தேகத்தை யார் மீது திருப்பினார்? சோவியத் உளவுத்துறையிலிருந்து ஓடிவந்த அனடோலி கோலிட்சின், சி.ஐ.ஏ.வுக்குள் ஒரு துரோகி இருப்பதாகச் சொன்னார். அவன் ஜெர்மனியில் வேலை பார்த்தவன், ஸ்லாவிய வம்சாவளி, பெயர் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும். இவைதான் அடையாளங்கள். உடனே பீட்டர் கார்லோ மாட்டிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர் அவர். அவர் குடும்பத்தின் பழைய பெயர் கிளிபான்ஸ்கி. அது போதுமானதாக இருந்தது. 1963இல் அவர் வெளியேற்றப்பட்டார். ரிச்சர்ட் கோவிச் என்ற அதிகாரிக்கும் பெயரும் பூர்வீகமும் பகையாயின. அவருடைய பதவி உயர்வுகள் நின்றுபோயின. இத்தனை பேரின் வாழ்க்கையைக் குலைத்த ஆங்கிள்டன், தன் பதவிக்காலத்தில் சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவரைக்கூட சோவியத் உளவாளி என்று நிரூபிக்கவில்லை.

இந்த வேட்டையின் அசிங்கம் தெரிந்தபின் நிறுவனம் எதிர்த்திசையில் சாய்ந்தது. சக அதிகாரியைச் சந்தேகிப்பதே கெட்ட பழக்கமாகிவிட்டது. விசாரணை முறையைச் சீர்படுத்துவதற்குப் பதில் விசாரணையையே கைவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் ஆல்ட்ரிச் ஏம்ஸ் செழித்தார்.

ஏம்ஸ் நிஜமாகவே அந்த வீட்டுப் பையன். அப்பா சி.ஐ.ஏ. அதிகாரி. மகன் பள்ளி விடுமுறையிலேயே அங்கே வேலை பார்த்தவர். குடித்துவிட்டுத் தடுமாறுவார். 1976இல் ரகசியக் காகிதங்கள் இருந்த பெட்டியை நியூயார்க் சுரங்க ரயிலில் விட்டுவிட்டு வந்தார். ஒரு கிளிபான்ஸ்கி இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏம்ஸுக்கோ சோவியத் பிரிவின் எதிர்உளவுப் பொறுப்பு கிடைத்தது. 1985 ஏப்ரலில் அவர் வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குத் தானே நடந்துபோய்த் தன்னை விற்றார். அவர் கொடுத்த தகவல்களால் குறைந்தது 10 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 1988இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜெனரல் டிமிட்ரி பொல்யகோவ்.

ஏம்ஸ் 5,40,000 டாலர் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார், ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார். மனைவியின் குடும்பச் சொத்து என்றார். நம்பினார்கள். 1986இலும் 1991இலும் பொய் கண்டறியும் சோதனையில் தேறினார். உடன் பணியாற்றிய டயானா வொர்தன் என்ற பெண் 1989இலேயே இந்தப் பணத்தைப் பற்றி மேலே சொன்னார். விசாரணை ஊர்ந்தது. கடைசியில் பிடித்தவர்கள் யார்? 1954இல் தட்டச்சராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த ஜீன் வெர்டஃபாய், அவருடன் சாண்டி கிரைம்ஸ் உள்ளிட்ட சிறு குழு. ஏம்ஸ் சோவியத் தூதரக அதிகாரியைச் சந்தித்த தேதிகளையும் வங்கியில் பணம் போட்ட தேதிகளையும் கிரைம்ஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1985 மே 17 மதிய விருந்து. மே 18 வங்கியில் 9,000 டாலர். யாருடைய பூர்வீகத்தையும் அவர் தோண்டவில்லை. செயலைப் பார்த்தார். 1994 பிப்ரவரி 21 அன்று ஏம்ஸ் கைதானார்.

சீர்திருத்தம் வந்தது. ரகசியம் கசிந்ததாகத் தெரிந்தால் உடனே எஃப்.பி.ஐ.யிடம் சொல்லவேண்டும், ரகசியம் கையாளும் ஊழியர்களின் பணவரவை ஆராயலாம் என்று 1994இல் சட்டம் செய்தார்கள். இவை நல்ல விதிகள். ஆனால் ஏம்ஸைக் காப்பாற்றிவந்த மேலதிகாரிகளுக்கு என்ன தண்டனை? 11 பேருக்குக் கண்டனக் கடிதம். ஒருவரும் பதவி நீக்கப்படவில்லை, பதவி இறக்கப்படவும் இல்லை.

எஃப்.பி.ஐ. மட்டும் என்ன யோக்கியம்? 1990களின் இறுதியில் அடுத்த உளவாளியைத் தேடியபோது, தவறில்லாத ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியை ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். உண்மையான உளவாளி ராபர்ட் ஹான்சன் எஃப்.பி.ஐ.க்குள்ளேயே இருந்தார். பக்தியான குடும்பஸ்தர், ‘நம்மவர்’. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் 1990இலேயே எச்சரித்தும் பயனில்லை. 2001இல்தான் பிடிபட்டார்.

தோழர்களே, பிறப்பை வைத்துச் சந்தேகிப்பது அநீதி என்று நாம் எப்போதும் சொல்கிறோம். அதன் மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறப்பை வைத்து நம்புவதும் அதே அநீதிதான். ஒன்று கார்லோவின் வேலையைப் பறித்தது, மற்றது பொல்யகோவின் உயிரைப் பறித்தது. எந்த அமைப்பைச் சீர்திருத்துவதாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விதி மேலிருப்பவருக்கும் பொருந்துகிறதா? கீழிருப்பவர் சொல்வதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க வழி உண்டா? கண்ணை மூடிக்கொண்ட அதிகாரிக்குத் தண்டனை உண்டா? நம் கல்லூரிகளுக்கும் காவல்துறைக்கும், ஏன், நம் இயக்கங்களுக்கும் இவை பொருந்தும்.

கார்லோவுக்கு 1989இல் ஒரு பதக்கமும் இழப்பீடும் கொடுத்தார்கள். அவரை வெளியேற்றி 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் நான்கு பேரிடம் அந்தக் காப்பாளர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.