ரேம் வாங்கப் போறீங்களா... உங்க விண்டோஸ் அதை ஏத்துக்குமா?

'சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டுடுங்க, பறக்கும்!'

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் ஆலோசனை இது. பல நேரங்களில் சரியான ஆலோசனையும்கூட. ஆனா, சில கம்ப்யூட்டர்களில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட ரேம், சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கும். காரணம், அதை எண்ணவே தெரியாத விண்டோஸ்.

இதை இப்போது ஏன் பேசணும்? இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன.

ஒன்று, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 'பழைய சிஸ்டத்தைச் சரிபண்ணுவதா, புதுசு வாங்குவதா?' என்ற கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு, அதே ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. உலகின் பெரும்பாலான மெமரி சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள்தான். ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கான ஹெச்.பி.எம் வகை மெமரியில் லாபம் அதிகம் என்பதால், அவர்களின் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 டிசம்பரில், 'க்ரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்கும் தொழிலிலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. டேட்டா சென்டருக்கும் நம் வீட்டு லேப்டாப்புக்கும் ஒரே ஆலையிலிருந்துதான் சிப் வரணும். யார் அதிக விலை கொடுக்கிறார்களோ, அவர்களுக்கே முதல் பந்தி.

ஆக, ரேமில் போடும் காசு வீணாகக் கூடாது. அதற்கு, உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு ரேமைப் பயன்படுத்த முடியும் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

429 கோடி கதவு எண்கள்

ரேமை ஒரு பெரிய தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. கதவு எண் இருந்தால்தான் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். 32 பிட் விண்டோஸ் என்பது, 32 இலக்கங்களில் மட்டுமே கதவு எண் எழுதத் தெரிந்த தபால்காரர். ஒவ்வொரு இலக்கமும் 0 அல்லது 1. மொத்தம் 429,49,67,296 எண்கள் கிடைக்கும். அதாவது, சரியாக 4 ஜிபி.

அந்த 4 ஜிபி-யும் முழுசா உங்களுக்குக் கிடைக்காது. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்ற பாகங்களுக்கும் அதே கணக்கிலிருந்து கொஞ்சம் கதவு எண்களை ஒதுக்க வேண்டும். '4 ஜிபி போட்டிருக்கேன், ஆனா 3.25-ன்னுதான் காட்டுது' என்று பலர் குழம்புவது இதனால்தான். ரேமில் கோளாறு இல்லை, எண்கள் தீர்ந்துவிட்டன. இந்த நிலையில் இன்னொரு 4 ஜிபி போட்டாலும் அதே 3.25-தான்!

64 பிட் வந்ததும் கணக்கே மாறிவிட்டது. 64 இலக்கக் கதவு எண்ணில், ஏட்டளவில் 1,717 கோடி ஜிபி வரை எண்ண முடியும். நடைமுறையில் பிராசஸர்கள் அவ்வளவு இலக்கங்களையும் பயன்படுத்துவதில்லை. இருந்தாலும், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எண் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை.

ஒரே விண்டோஸ், வேற வேற பூட்டு

அப்போ 64 பிட்டில் எவ்வளவு வேணும்னாலும் போடலாமா? அங்கேதான் இன்னொரு கதை இருக்கிறது. 64 பிட் விண்டோஸிலும் ஒவ்வொரு எடிஷனுக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

* விண்டோஸ் 7 ஹோம் பேசிக் - 8 ஜிபி
* விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் - 16 ஜிபி
* விண்டோஸ் 7 புரொஃபஷனல், அல்டிமேட் - 192 ஜிபி
* விண்டோஸ் 8 - 128 ஜிபி, அதன் புரோ எடிஷன் - 512 ஜிபி
* விண்டோஸ் 10, 11 ஹோம் - 128 ஜிபி
* விண்டோஸ் 10, 11 புரோ - 2 டிபி

விண்டோஸ் 7-ன் மூன்று வரிகளைக் கவனியுங்கள். அடிப்படையில் எல்லாம் ஒரே விண்டோஸ் 7-தான். 8-க்கும் 192-க்கும் நடுவில் இருந்தது தொழில்நுட்பச் சுவர் அல்ல, விலைப்பட்டியல். அதிலும் ஹோம் பேசிக், இந்தியா போன்ற வளரும் சந்தைகளுக்காகவே கொண்டுவரப்பட்ட எடிஷன். சின்ன நெட்புக்குகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இன்னும் மோசம், 2 ஜிபி-யோடு நிறுத்திக்கொள்ளும்.

32 பிட்டின் 4 ஜிபி எல்லைகூட முழுக்க முழுக்க இயற்கை விதி கிடையாது. கதவு எண்ணை 36 இலக்கமாக நீட்டி, 64 ஜிபி வரை எட்டும் பி.ஏ.இ என்ற வசதியை இன்டெல் 1995-லேயே பென்டியம் புரோ பிராசஸரில் கொண்டுவந்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2003-ன் உயர் எடிஷன்கள் 32 பிட்டிலேயே 64 ஜிபி-யைப் பயன்படுத்தின. வீட்டு விண்டோஸில் மட்டும் 4 ஜிபி-யோடு நிறுத்தப்பட்டதற்கு, 'பல டிரைவர்கள் அதற்கு மேல் தடுமாறுகின்றன' என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால், 'முடியாது' என்பதும் 'அனுமதி இல்லை' என்பதும் வேறு வேறு.

இப்போ தடை ரேம் இல்லை

விண்டோஸ் 11-க்கு வருவோம். இதில் 32 பிட் பதிப்பே கிடையாது. குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம்தான். 8 ஜிபி போட்ட பழைய லேப்டாப்புகள்கூட 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பப்படுவது ஏன்? டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால், பெரும்பாலும் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்கணும்.

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். 'விண்டோஸ் 11 ஏறலை, ரேம் பத்தலை போல' என்று நினைத்து ரேம் வாங்குகிறார்கள். ஆறாம் தலைமுறை பிராசஸர் இருக்கும் லேப்டாப்பில் 32 ஜிபி போட்டாலும் அந்தக் கதவு அதிகாரபூர்வமாகத் திறக்காது.

மறுபக்கம், வெறும் 4 ஜிபி-யோடு விண்டோஸ் 11 ஓடும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பியும் வாங்காதீர்கள். பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு 8, வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் என்றால் 16 நியாயமான அளவு. 'கோபைலட் பிளஸ்' முத்திரையோடு வரும் ஏ.ஐ லேப்டாப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட்டே 16 ஜிபி-யைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது.

கடைக்குப் போகும் முன்...

1. செட்டிங்ஸ் - சிஸ்டம் - அபவுட் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்' என்று இருந்தால், பிராசஸர் தயார், விண்டோஸ்தான் தடை. ரேம் வாங்குவதற்கு முன்னால் 64 பிட் விண்டோஸுக்கு மாறுங்கள். விண்டோஸ் 10-ல் அதே எடிஷனுக்குள் மாறினால் உங்கள் ஒரிஜினல் லைசென்ஸே போதும். ஆனால், அப்கிரேட் வழி கிடையாது. புதிதாக இன்ஸ்டால் செய்யணும். அதனால் போட்டோ, ஃபைல்களை முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். பழைய பிரின்டர், பழைய கணக்கு சாஃப்ட்வேர் இருந்தால் அவை 64 பிட்டில் ஓடுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் - மெமரி பக்கத்தைத் திறங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். மெலிசான லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற முடியாது. வாங்கும்போதே யோசித்து வாங்கணும்.

3. மதர்போர்டு எவ்வளவு ஏற்கும் என்பதை மாடல் எண் போட்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். விண்டோஸ் 128 ஜிபி அனுமதித்தாலும், போர்டு 16-ஓடு நின்றால் 16-தான்.

4. வழக்கமான வேலை நடக்கும்போது அதே மெமரி பக்கம் 60, 70 சதவிகிதம்தான் காட்டுகிறதா? பிரச்னை ரேம் இல்லை. ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி-யாக மாற்றினால் கிடைக்கும் வேகம், இன்னொரு ரேம் போட்டால் கிடைக்காது.

விண்டோஸ் 11 ஏறாத, ஆனா நல்லா ஓடுற கம்ப்யூட்டரா? அதைத் தூக்கிப்போட அவசரமில்லை. 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. உங்கள் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு சின்க் செய்தால், தனிநபர்களுக்கு இது இலவசம். அதற்குப் பிறகும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருக்கின்றன. அதற்கு 2 ஜிபி ரேம் இருந்தால் போதும், 4 இருந்தால் வசதி. அதுவும் 64 பிட் பிராசஸர்தான் கேட்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இத்தனை வருஷமாக 'எவ்வளவு ரேம் போடலாம்?' என்ற கேள்விக்கு விண்டோஸ் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 128 ஜிபி உச்சவரம்பை நம் வீட்டு லேப்டாப்புகளில் அநேகமாக எதுவும் தொடப்போவதில்லை. இனி அந்த எல்லையைத் தீர்மானிக்கப்போவது உங்கள் மதர்போர்டும், உங்கள் பர்ஸும்தான். ரேம் பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த 'சிஸ்டம் டைப்' வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும், ஒரு பைசா செலவில்லை!