வறுமை ஒழிப்பும் வாலிபர் பயிற்சியும்

உலக வறுமையை ஒழிப்பதற்கென்று வாலிபர்களையும் பெண்களையும் தொண்டர்களாகச் சேர்த்து, அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, பிரசாரத்திற்கு அனுப்பும் வழக்கம் இப்பொழுது செங்கற்பட்டு ஜில்லாவிலும் பரவி வருகிறது. இதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம். சினிமாக்காரர் படத்திற்குப் பால் ஊற்றப் போகிற வாலிபன் ஒரு நாளைக்காவது ஏழையைப் பற்றிப் பேச வந்தால் அது லாபந்தானே! ஆனால், அங்கு சொல்லிக் கொடுக்கப்படுவது என்ன என்று பார்க்கும்போதுதான் கவலையாயிருக்கிறது.

சமீபத்தில் அப்படிப்பட்ட பயிற்சி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. ஐக்கிய நாட்டுச் சபை 2015-ல் 17 லட்சியங்களை ஏற்று, 2030-க்குள் கொடிய வறுமையை ஒழிப்பதை முதலாவதாக வைத்திருப்பதும், உலக பாங்கி 2025-ல் நாளொன்றுக்கு 3 டாலர் என்று கோடு கிழித்ததும், அக்கோட்டின் கீழே சுமார் 80 கோடி மக்கள் கிடப்பதும் சொல்லப்பட்டன. எல்லாம் நிஜமே. பிறகு ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படம் காட்டினார்கள். உண்டி குலுக்குவது எப்படி, கையெழுத்து வாங்குவது எப்படி என்று விளக்கினார்கள். ஆனால் ஏழை ஏன் ஏழையாயிருக்கிறான் என்று ஒருவராவது கேட்கவில்லை. ஒரு பெரியவர் மாத்திரம் ஏழையினிடத்தில் கடவுளைக் காணுங்கள் என்றார். தரித்திர நாராயணன் இன்னும் சாகவில்லை போலும்! ஏழைதான் கடவுளென்றால், கடவுள் பக்தர்கள் ஏழையை ஒழியவிடுவார்களா?

அந்தக் கேள்விக்கு விடை தேட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர் என்ற வெள்ளைக்காரர் 1891-லேயே எழுதி வைத்தார். இந்த ஜில்லாவில் ஊர்த் தரிசுக்கு மிராசுதாரனுக்கே முதல் பாத்தியதை. ஆதிதிராவிடன் ஒருவன் தர்க்காஸ்து போட்டால், மிராசுதாரன் "எனக்கு வேண்டும்" என்று சொன்னால் போதும், நிலம் அவனுக்குத்தான். ஆதிதிராவிடனுடைய குடிசை நிற்கிற மனைக்கட்டுகூட அவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையையும் விட வேண்டியதுதான். இதற்குப் பெயர் தலைவிதியா, அல்லது ரெவின்யூ விதியா? விதியென்றால் மனிதன் எழுதிய விதி. ஆகவேதான் மனிதனால் அதைத் திருத்தவும் முடிந்தது. 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்து, தாழ்த்தப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுவேயாகும். பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்கு மேலும் அவ்வகுப்பாருக்கல்லாது வேறெவருக்கும் விற்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை.

அந்நிபந்தனை காகிதத்தில் இருந்தது; நிலம் கைமாறிவிட்டது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரும்படி கேட்டு 1994-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டில் கூடிய மக்கள்மீது போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டார்கள். வறுமை ஒழிப்பைப் பற்றிச் செங்கற்பட்டிலேயே காலை முதல் மாலை வரை பேசிவிட்டு, இவ்விருவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லாமல் பயிற்சியை முடிப்பதென்றால், அது என்ன பயிற்சி?

மாமல்லபுரத்து விஷயத்தையும் பார்ப்போம். 2021-ல் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தம்மை விரட்டிவிட்டார்களென்று பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் துணிந்து கேட்டார். மந்திரி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சந்தோஷம். ஆனால் அந்தச் சோறு சாயங்காலத்திற்குள் சீரணமாகிவிடும். அவ்வருஷம் நவம்பர் 4-ந் தேதி முதல் மந்திரி ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து, நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டாவும் ரேஷன் கார்டும் ஜாதிச் சர்டிபிகேட்டும் கொடுத்தாரே, அதுதான் காரியம். ஜாதியை ஒழிக்க வேண்டுமென்கிற நீங்களே ஜாதிச் சர்டிபிகேட்டைப் புகழலாமோ என்று சிலர் கேலி செய்யக்கூடும். வியாதியஸ்தனுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டாமா, ஐயா?

நம் தோழர்களையும் இதில் விட்டுவிடுவதற்கில்லை. 1929-ம் வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கற்பட்டில் தோழர் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்றது. அது சட்டமாக நம் மாகாணத்தில் 1989 வரை, அறுபது வருஷம் பிடித்தது. ஆனால் இன்று நம்மவர்களில் பலர், கர்மம் பொய் என்று மேடையில் முழங்கிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேருகிறார்கள். பேச்சைக் கேட்ட இருளர் மறுநாள் காலையில் பழைய முன்பணக் கடனுக்காகச் செங்கல் சூளைக்கே போகிறார். கொத்தடிமை முறையை 1976-ம் வருஷத்துச் சட்டம் ஒழித்ததென்பதும், அக்கடன் செல்லாதென்பதும் அவருக்குத் தெரியாது; பேசிப் போனவருக்கும் தெரியாது!

ஆகையால், அடுத்த பயிற்சி நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லுவதாவது: காலையில் உங்கள் டாலர் கணக்கைச் சொல்லுங்கள். பிற்பகலில் தொண்டர்களைத் தாலுக்கா ஆபீசுக்கு அழைத்துப் போங்கள். சிட்டா எது, அடங்கல் எது, 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள். காட்ட மறுத்தால், 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டப்படி பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப்போட ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கேயே கற்றுக் கொடுங்கள். ஒரு சிறு விஷயம்: பயிற்சியை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டாம், ஆபீசு பூட்டியிருக்கும்.