மத்தியஸ்தர் வாராத ஞாயிறு

ஜெர்மனி தேசத்துக் கால்பந்தாட்டம் என்றவுடன் நம்மிற் பெரும்பாலோர்க்கு நினைவு வருவது 1963-ஆம் ஆண்டில் தொடங்கிய பன்டஸ்லீகாவே. அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் பந்தயத் தொகுதிகளுள் கீழ்ப்படிகளில் நிற்பது கிரைஸ்லீகா, அதாவது ஜில்லாப் பந்தயம். அந்நாட்டிலுள்ள ஏறக்குறைய 24,000 சங்கங்களில் மிகப்பலவும் இத்தகைய கீழ்ப்படிகளிலேயே ஆடுகின்றன. கொத்தனும் குமாஸ்தாவும் மாணவனும் பொழுது போக்காக ஒன்றுகூடி ஆடும் ஆட்டம் அது.

அங்கே மத்தியஸ்தர் பெரும்பாலும் தன்னந்தனியர். எல்லைக்கோட்டில் அவருக்குப் பயிற்சி பெற்ற துணைவர் இல்லை. ‘ஆப்ஸைடு’ முதலிய யாவற்றையும் தம் இரு கண்களைக் கொண்டே தீர்க்க வேண்டும். கிடைப்பது வழிச்செலவும் சிறு படியும், வசைமொழியோ வேண்டுமட்டும்!

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில், தம்மேல் நிகழும் அடிதடிகளைப் பொறாத பெர்லின் நகரத்து மத்தியஸ்தர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நின்றன. அதே ஞாயிறன்று ஹெஸ்ஸன் மாகாணத்துச் சிற்றூர்ப் பந்தயமொன்றில், 22 வயதுடைய மத்தியஸ்தர் ஓர் ஆட்டக்காரனாற் குத்துண்டு அறிவிழந்து வீழ்ந்தார். ஹெலிகாப்டரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தது.

குற்றமற்ற சிறுவர் ஆட்டத்தையும் நிறுத்தலாமோ என்று சிலர் வினவலாம். அவர்தம் ஏமாற்றம் நமக்கும் வருத்தமே. ஆயினும் வேலைநிறுத்தம் தகாததென்று கூற நமக்கு நா எழவில்லை. வேலிக்கப்பால் நின்று மத்தியஸ்தரை ஏசும் தந்தைமார் அன்றொரு நாளேனும் வெறும் மைதானத்தைக் கண்டிருப்பர்.

2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் புதியதோர் ஏற்பாடு வந்தது. கலகம் மூளுமாயின் மத்தியஸ்தர் தலைக்குமேல் இரு கைகளையும் குறுக்காக உயர்த்துவார். இரு கட்சியாரும் தத்தம் கோல் பக்கம் ஒதுங்கி ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். மறுமுறை பத்து நிமிஷம். மூன்றாம் முறை ஆட்டமே முடிந்தது. நன்று; ஆனால் இது தீப்பற்றிய பின் ஊற்றும் நீரேயன்றோ? போதிய மத்தியஸ்தரை அனுப்பாத சங்கத்துக்கு அபராதம் விதிக்கும் வழக்கமும் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது சங்கத்தார்க்கு எளிதாகவே தோன்றும்.

நாம் வேண்டுவது வேறு. பெரியோர் குழுவில் ஆடும் ஒவ்வொருவனும் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுவர் ஆட்டமொன்றுக்குத் தானே மத்தியஸ்தனாக நிற்கட்டும். அதற்கு ஒரு விசிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.